வாவிக்கு மேலே பதினொரு விநாடி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இதைச் சொல்லி முடித்ததும் ஒன்றில் நீங்கள் சிரிப்பீர்கள், இல்லாவிட்டால் முகத்தை இரக்கமாக வைத்துக்கொண்டு "பாவம், வேலைக் களைப்பு" என்பீர்கள். இரண்டுமே எனக்குப் பழகிவிட்டது. கொழும்பில் மூன்று பேர் என்னை விசாரித்தபோது, அதில் ஒருவர் சிரிப்பை அடக்குவதற்காகத் தண்ணீர்க் கிளாசை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. அவரையே நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு சொன்னவள் நான், நீங்கள் எம்மாத்திரம்.

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது கதை எடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், இன்றைக்கும் அப்படித்தான். நாவற்குடாவில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகிறது என்று வெளியூர்க்காரரைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போய், துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுநுனியைக் காதில் வைக்கச் சொல்வார்களே, நானும் பள்ளிக்கூடக் காலத்தில் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. கூடவந்த பிள்ளைகள் எல்லோரும் கேட்டது, கேட்டது என்று துள்ள, நான் மட்டும் கேட்கவில்லை என்றேன், அதற்காக ஒரு கிழமை என்னோடு ஒருத்தியும் கதைக்கவில்லை. கேட்காததைக் கேட்டது என்று சொல்லமாட்டேன். நடந்ததை நடக்கவில்லை என்றும் சொல்லமாட்டேன், என் கோளாறு அவ்வளவுதான்.

இந்த மாதிரிக் கதை என்றால் நடுச்சாமம், மழை, நாய் ஊளை என்று தொடங்கவேண்டும். மன்னியுங்கள், எனக்கு நடந்தது காலை ஒன்பது மணிக்கு, கண் கூசுகிற வெயிலில், பதினான்கு பயணிகளோடு, ஆயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில்.

நான் விமானி. பத்தொன்பது பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம், இரண்டு பக்கமும் இரண்டு எஞ்சின், இரண்டு காற்றாடி. இரத்மலானையிலிருந்து மட்டக்களப்புக்கு, பெரும்பாலும் பாசிக்குடாவுக்குக் கடல் குளிக்கப்போகிற வெளிநாட்டுக்காரர். அன்றைக்கு இடது ஆசனத்தில் கப்டன் நிமல், காலிக்காரர், இருபது வருட அனுபவம், மணிக்கட்டில் எப்போதும் பிக்குமார் ஓதிக் கொடுத்த பிரித் நூல் கட்டியிருப்பார், எஞ்சினுக்கும் ஒன்று கட்டுவோமா என்று நான் பகிடி பண்ணுவேன். வலது ஆசனத்தில் நான். பின்னால் பயணிகளைப் பார்த்துக்கொள்ள காத்தான்குடி றிஸ்வான் நானா. எங்கள் விமானத்தில் விமானிகளுக்குத் தனிக் கதவு கிடையாது, ஒரு திரை மட்டும்தான். எஞ்சின்களை ஆட்டுவிக்கிற லீவர்கள் எல்லாம் தலைக்கு மேலே கூரையில் இருக்கின்றன, கையை உயர்த்தித்தான் பிடிக்கவேண்டும்.

இரண்டு எஞ்சினில் ஒன்று கெட்டுப்போனால் சனங்கள் நினைக்கிறமாதிரி நாங்கள் கத்துவதும் இல்லை, பாய்ந்து பாய்ந்து பட்டன் அமத்துவதும் இல்லை. முதல் வேலை விமானத்தைப் பறக்கவைப்பது. ஒருவர் பறப்பார், மிச்சமெல்லாம் மற்றவர் செய்வார். எந்த எஞ்சின் செத்தது என்று கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு பழைய வழி இருக்கிறது, கால். ஒரு பக்க எஞ்சின் இழுக்காவிட்டால் விமானத்தின் மூக்கு அந்தப் பக்கம் திரும்பும், நேராக வைத்திருக்க மறுபக்கக் காலால் மிதிக்கவேண்டும். அப்படியானால் எந்தக் கால் வேலையில்லாமல் சும்மா கிடக்கிறதோ அந்தப் பக்க எஞ்சின்தான் செத்தது. அதையும் நம்பிவிடக்கூடாது, அந்த எஞ்சினின் விசையை மெல்லக் குறைத்துப் பார்க்கவேண்டும், ஒரு வித்தியாசமும் தெரியாவிட்டால் அதுதான். அதற்குப் பிறகுதான் அதன் எரிபொருளை மூடுகிற லீவரில் கை வைக்கலாம். கை வைத்த பிறகும் நான் "இதுதானே?" என்று கேட்கவேண்டும், கப்டன் கண்ணால் பார்த்து "ஓம், அதுதான்" என்று சொன்னால்தான் இழுக்கலாம். இவ்வளவும் எதற்கு என்றால், கெட்டுப்போன எஞ்சினை விட்டுவிட்டு நல்லதை நிற்பாட்டுகிற ஒரு பிழை இருக்கிறது. அதை விமானிகளைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்யமுடியாது. செய்தவர்கள் இருக்கிறார்கள், அதில் அநேகம் பேர் அதைச் சொல்ல இன்று உயிரோடு இல்லை.

அந்தக் கிழமை முழுக்க எங்கள் விமானத்தின் வலது பக்க எஞ்சின், அதாவது இரண்டாம் இலக்கம், கரைச்சல் தந்துகொண்டிருந்தது. எஞ்சினில் பிழை இல்லை, அதன் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டுகிற சிவப்பு விளக்கு சும்மா சும்மா எரிந்தது. விமானத்தின் பழுதுப் புத்தகத்தில் இரண்டு தடவை எழுதினோம், மெக்கானிக் பாறூக் நானா இரண்டு தடவை பார்த்தார். அன்றைக்கும் இரத்மலானையிலிருந்து கிளம்பும்போது ஒருமுறை மின்னி அணைந்தது. "இவன் இண்டைக்கும் தொடங்கிட்டான்" என்றேன் நான். கப்டனுக்குத் தமிழ் வராது, நாங்கள் கதைத்ததெல்லாம் இங்கிலிஷில்தான், நான் உங்களுக்காக எங்களூர்ப் பேச்சில் சொல்கிறேன்.

மேற்கிலிருந்து வந்து, வயல் வட்டைகள் முடிந்து வாவி தொடங்குகிற இடத்தில் இறங்குவதற்காகத் திரும்பினோம். தண்ணீரில் பட்ட வெயில் முகத்தில் அடித்தது. அப்போதுதான் "டப்" என்று ஒரு சத்தம், பின்னால் யாரோ கதவை அறைந்த மாதிரி. உடனே எரிந்த நாற்றம். மூக்கு ஒரு பக்கம் போக, கப்டன் மிதித்து நேராக்கினார். அதே நேரத்தில் இரண்டாம் இலக்கத்தின் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது, இந்தத் தடவை அணையவில்லை.

"ரெண்டு" என்றார் கப்டன்.

"ரெண்டு" என்று நானும் சொன்னேன், அவர் வாயை மூடுவதற்கு முன்பே.

இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. காலைப் பார்க்கவில்லை. விசையைக் குறைத்துப் பார்க்கவில்லை. ஒரு கிழமையாகக் குற்றவாளி யார் என்று எங்களுக்குத் தெரியும், அவனுடைய விளக்கும் எரிகிறது, இனி என்ன விசாரணை. உண்மையில் வெடித்தது இடது பக்கத்து முதலாம் இலக்கம். எங்களைத் தூக்கிப் பிடித்திருந்தது அந்த இரண்டாம் இலக்கம் மட்டும்தான், அதைத்தான் நான் நிற்பாட்டப் போனேன்.

இடது கையை உயர்த்தி லீவரைப் பிடித்தேன். "ரெண்டுதானே?"

"ஓம், ரெண்டுதான்."

இழுத்தேன். வரவில்லை.

நான் அந்த லீவரைப் பயிற்சியில் எத்தனையோ நூறு தடவை இழுத்திருக்கிறேன். கொஞ்சம் தூக்கிவிட்டு இழுக்கவேண்டும், தூக்கினேன். இரும்பு இறுகினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அசையாது, அவ்வளவுதான். இது அப்படி இல்லை. ஒரு விரலளவு வந்தது, பிறகு திரும்ப முன்னுக்கு இழுபட்டது. நான் இழுக்க, அந்தப் பக்கம் ஒன்று இழுத்தது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள், என் கைக்கு மேலே இன்னொரு கை இருந்தது. விரல்கள் என் விரல்களுக்கு மேல் மடிந்திருந்தன, உள்ளங்கை ஈரமாக இருந்தது. கப்டன்தான் தடுக்கிறார் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய வலது கை பக்கத்தில் விசை லீவர்களில் இருந்தது, என் கைக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி. என் கைமேல் ஒன்றும் இல்லை. கண்ணுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் பாரம் இருந்தது.

அந்த நேரம் பார்த்து விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து எங்கள் நிலையைக் கேட்டார்கள். வலது கையில் விமானத்தைத் திருப்புகிற சுக்கான் பிடி, அதில் பெருவிரல் படுகிற இடத்தில் பேசுகிற பட்டன். அமத்தி "எஞ்சின் பிரச்சினை, பொறுங்கள்" என்றேன். பயத்தில் பெருவிரலை எடுக்க மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் விட்ட மூச்சுக்கூடக் கோபுரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இழு" என்றார் கப்டன்.

"வருகுதில்ல."

"என்ன புள்ள செய்யிறாய், இழு!"

"இழுக்கிறன், வருகுதில்ல!"

பிறகு கப்டன் மிக மெதுவாக, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். "பொறு. என்ட இடது கால் சும்மா கிடக்கு."

நான் லீவரை விட்டேன். பெருவிரலையும் எடுத்தேன். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து, படித்தபடி செய்தோம். முதலாம் இலக்கத்தின் விசையைக் குறைத்தார், ஒரு மாற்றமும் இல்லை. "ஒண்டுதானே?" "ஓம், ஒண்டு." அந்த லீவர் இரண்டு விரலால் வந்தது. பின்னால் றிஸ்வான் நானா தமிழ், சிங்களம், இங்கிலிஷ் மூன்றிலும் மாறி மாறிக் கத்தினார், "தலையக் குனிங்க! எழும்பாதீங்க! அப்படியே இரிங்க!" சிவப்பு விளக்கு கடைசிவரை எரிய எரிய, அந்த இரண்டாம் இலக்க எஞ்சின் ஒரு குறையும் இல்லாமல் எங்களைக் கொண்டுவந்து ஓடுபாதையில் சேர்த்தது. இறங்கிய பயணிகளில் ஒருவர், பாசிக்குடாவுக்கு வான் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லிவிட்டு விமானத்தின் சில்லுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் உங்களிடம் வந்திருக்கமாட்டேன். விமானத்தில் எது நடந்தாலும் அறிக்கை எழுதவேண்டும். அன்றிரவு நான் எழுத உட்கார்ந்தபோது மெக்கானிக் பாறூக் நானா வந்து நின்றார். ஏறாவூர் மனிதர், லீவர்களைப் பரிசோதித்துக் கையெழுத்து வைத்தவர் அவர்தான், செய்தி கேட்டதும் கொழும்பிலிருந்து ரோட்டால் ஓடி வந்திருந்தார்.

"நாப்பது தரம் இழுத்துப் பாத்துட்டன் தங்கச்சி, வெண்ண மாதிரி வருது. உங்களுக்கு ஏன் வரல்லண்டு அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். லீவர் இறுக்கம் எண்டு மட்டும் எழுதிப் போடாதீங்க. என்ட கையெழுத்து. அப்பிடி எழுதினா மறுகா எனக்கு வேல இல்ல."

"எழுதமாட்டன் நானா. லீவர் இறுக்கமில்ல."

"அப்ப என்னத்த எழுதுவீங்க?"

"நடந்தத."

அந்தக் கையைப் பற்றி அவரிடம் சொன்னேன். "வேணாம் தங்கச்சி" என்றார், "அதுக்கு லீவர் இறுக்கம் எண்டே எழுதுங்க." நல்ல மனிதர்.

நடந்ததைத்தான் எழுதினேன். "என் கையின்மேல் இன்னொரு கை இருந்தது. அது யாருடையது என்று எனக்குத் தெரியாது." அடுத்த நாள் கொம்பனி மனேஜர் அழைத்தார், குரலில் தேன். "மகள், நீங்க ஒரு சின்ன வரி மாத்தினாப் போதும். எனக்குச் சந்தேகம் வந்தது, ஆகவே நான் இழுக்கவில்லை எண்டு போடுங்க. பதினேழு உயிரைக் காப்பாத்தின பிள்ளை எண்டு மாலை போடுவம். இப்பிடி எழுதினா உங்கட மெடிக்கல் சேட்டிபிக்கட் போகும், பறக்கேலாது. யோசியுங்க."

யோசித்தேன். பறப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை, அதற்காக நான் பட்ட பாடு சொல்லி மாளாது. ஆனால் அந்த அறிக்கை எங்களுக்காக எழுதுவதில்லை, எங்களுக்குப் பிறகு அந்த ஆசனத்தில் இருக்கப்போகிறவர்களுக்காக எழுதுவது. எனக்குச் சந்தேகம் வந்தது என்று நான் எழுதினால், அவசரத்தில் சந்தேகம் தானாக வரும் என்று அவர்கள் நம்பிவிடுவார்கள். வராது. எங்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை, இரண்டு பேரும் ஒரே குரலில் பிழையைத்தான் சொன்னோம். "சேர், சந்தேகம் வந்திருந்தா நான் ஏன் இழுத்தன்?" என்று கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

மெடிக்கல் போயிற்று. நான்கு மாதம் நாவற்குடாவில் வீட்டில் இருந்தேன். அந்த நான்கு மாதமும் ஊரே எனக்கு விளக்கம் கொண்டுவந்தது. பாதிரியார் தேவதூதன் என்றார். பக்கத்து வீட்டு அக்கா மாமாங்கத்துப் பிள்ளையார் என்றார். றிஸ்வான் நானா அல்லாஹ் அனுப்பிய மலக்கு என்றார். நம்பாதவர்களோடு சண்டை பிடித்ததைவிட நம்பினவர்களோடுதான் அதிகம் பிடித்தேன். எல்லோருக்கும் ஒரே பதில், தெரியாது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"தெரியாது எண்டு சொல்றத்துக்கா புள்ள வேலைய விட்டுப்போட்டு இரிக்கிறாய்? தெரியாது எண்டா நாங்க எல்லாரும் இலவசமாச் சொல்லுவமே!"

விசாரணை நாள் வந்தது. மனேஜர், ஒரு மூத்த கப்டன், ஒரு டொக்டர். தண்ணீர்க் கிளாஸ்காரர் அந்த மூத்த கப்டன்தான். டொக்டர், "உங்களுக்கு ஏதாவது சத்தங்கள் கேட்கிறதா?" என்றார். "கேட்குது" என்றேன், "உங்கட ஏசி." அவர் எழுதிக்கொண்டார். இந்தத் திமிரை விட்டால் இன்றைக்கே முடிக்கலாம் என்றார் மனேஜர். திமிர் இல்லை சேர், இருக்கிறதைச் சொல்கிறேன் என்றேன். உள்ளுக்குள் எனக்குத் தெரியும், அன்று அந்த அறையை விட்டு இப்படியே வெளியே போனால் அதோடு என் பறப்பு முடிந்தது.

பிறகு கப்டன் நிமலைக் கூப்பிட்டார்கள். அவருடைய அறிக்கையில் கையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்று எனக்குத் தெரியும், நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எப்படி உங்களுக்குப் பிழை பிடிபட்டது என்று கேட்டார்கள்.

"அவள்தான் காரணம்" என்றார். "இரண்டு கையாலும் லீவரைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதனால்தான் எனக்கு யோசிக்க நேரம் கிடைத்தது."

மனேஜருக்கு உயிர் வந்தது. பாருங்கள், பிள்ளை தானேதான் தடுத்திருக்கிறாள், பதற்றத்தில் தன் கையையே வேறு கை என்று நினைத்துவிட்டாள் என்று அடுக்கினார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அப்போது டொக்டர் பேனையை வைத்துவிட்டு, கோபுரத்து ஒலிப்பதிவை நேற்றிரவு கேட்டேன், அந்தப் பேசுகிற பட்டன் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டார். சுக்கானில், வலது பெருவிரலுக்குக் கீழே என்றேன். பெருவிரலை எடுத்தால்? பேச்சு நின்றுவிடும் என்றேன். பதிவில் பதினொரு விநாடி ஒரு இடத்திலும் நிற்காமல் உங்கள் மூச்சு கேட்கிறது என்றார். "இழு", "வருகுதில்ல" எல்லாம் அதற்குள்தான் வருகிறது என்றார். பிறகு கப்டனைத் திரும்பிப் பார்த்து, "இவருடைய வலது கை முழு நேரமும் சுக்கானில் இருந்திருக்கிறது. நீங்கள் லீவரில் கண்டது இரண்டு கைகளையா?" என்று கேட்டார்.

கப்டனின் முகம் வெளிறியதை நான் கண்டேன். "ஓம்" என்றார். "இரண்டு."

தண்ணீர்க் கிளாஸ் மேசைக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் மனேஜர் கடிதாசிகளை அடுக்கிவிட்டு, இதற்குமேல் கேட்க எதுவும் இல்லை என்றார். இரண்டு கிழமையில் என் மெடிக்கல் திரும்பி வந்தது. என் அறிக்கையில் ஒரு வரியும் மாற்றவில்லை, இன்றைக்கும் அந்தக் கோப்பில் அப்படியே இருக்கிறது. பாறூக் நானாவின் வேலையும் போகவில்லை.

அன்று படிக்கட்டில் இறங்கும்போது கப்டன் என்னை நிறுத்தினார். தன் கையைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார். "உன்ட கை இப்பிடிக் கீழ இருந்து போச்சு. மற்றது உன்ட பக்கத்தால வரல்ல. அப்ப நான் கவனிக்கல்ல, இப்பதான் விளங்குது. அது முன்னுக்கிருந்து வந்தது, கண்ணாடிப் பக்கத்தால." எங்களுக்கு முன்னால் கண்ணாடியைத் தவிர ஒன்றும் இல்லை, அதற்கு அங்கால் ஆகாயம். அதற்குப் பிறகு அவர் பறக்கவில்லை, தரையில் பயிற்சி கொடுக்கப் போய்விட்டார். நான் பறக்கிறேன், அதே விமானம், அதே வாவி.

எல்லாவற்றையும் எழுதினேன் என்று இவ்வளவு நேரமும் உங்களிடம் மார்தட்டினேன். ஒன்றை எழுதவில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை. என் கைமேல் இருந்த அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. எங்களைத் தடுத்தது, காப்பாற்றியது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன், ஆனால் காப்பாற்ற வந்த கை ஏன் நடுங்கவேண்டும்? கண்ணாடிக்கு வெளியே இருந்து வந்து கிடைத்ததைப் பற்றிப் பிடித்துக்கொண்டு நடுங்குகிற கை, தான் விழுந்துவிடாமல் இருக்கப் பிடித்த கை. நான் லீவரை விட்டபோது அது விடவில்லை, என் விரல்களை இறுக்கிக்கொண்டது. எனக்கு மற்ற எஞ்சினை நிற்பாட்டவேண்டியிருந்தது, பதினான்கு பயணிகள் பின்னால் இருந்தார்கள். நான் உதறினேன். அது போய்விட்டது. கீழே வாவி மட்டும்தான் இருந்தது.